வழியில் விடப்பட்ட நூல்கள்: ஒரு சிறு வரலாறு



படித்து முடித்த புதினம் ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. மீண்டும் அதைப் படிக்கப்போவதில்லை என்பது நமக்கே தெரியும். அதை என்ன செய்வது? அலமாரியில் வைத்துப் பூட்டலாம். நண்பருக்குத் தரலாம். பழைய தாள்களோடு சேர்த்துப் போட்டுவிடலாம். இம்மூன்றும் நாம் நன்கறிந்த வழிகள். நான்காவது வழி ஒன்றும் உண்டு. பேருந்து நிறுத்தத்திலோ பூங்கா இருக்கையிலோ காப்பிக்கடை மேசையிலோ அந்நூலை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவது. முன்பின் அறியாத ஒருவர் அதைக் கண்டெடுத்துப் படிக்கட்டும் என்னும் எண்ணத்தோடு விடுவது.

ஆங்கிலத்தில் இவ்வழக்கத்திற்கு 'புக் கிராசிங்' என்று பெயர். என் மாணவர்களிடம் இதனை 'நூலுலா' என்று சொல்லி வருகிறேன். நம் இலக்கியத்தில் உலா என்னும் சிற்றிலக்கிய வகை ஒன்று இருப்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். தலைவன் வீதியில் உலா வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து மகளிரும் அவனைக் காண்பர். நூலும் அவ்வாறே வீதிக்கு வருகிறது. எந்த வயதினர் கண்ணில் அது படும் என்று விடுபவருக்குத் தெரியாது.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, நமக்கு இது முற்றிலும் புதியதா, சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் புதினத்தை இப்படி விட்டுவந்தால் அதற்கு என்ன நேரும் என்னும் மூன்று கேள்விகளை இப்பதிவில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது கேள்விதான் என்னை இதனை எழுதத் தூண்டியது.

2001: ஓர் எண்ணும் ஒரு சீட்டும்

அமெரிக்காவைச் சேர்ந்த ரான் ஹார்ன்பேக்கர் என்னும் கணினித்துறையாளர் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதற்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் டாலர் தாள்களின் எண்களைப் பதிவு செய்து, அவை எந்தெந்த ஊருக்குப் பயணம் செய்கின்றன என்று பின்தொடரும் விளையாட்டு அமெரிக்கர்களிடையே பரவியிருந்தது. பணத்தாளுக்குச் செய்வதை நூலுக்குச் செய்தால் என்ன என்பதே அவருக்குத் தோன்றிய எண்ணம்.

முறை மிக எளிது. நூலைத் தளத்தில் பதிந்தால் அதற்கென ஓர் எண் கிடைக்கும். அவ்வெண்ணைச் சீட்டில் எழுதி நூலின் உட்பக்கத்தில் ஒட்ட வேண்டும். 'இது தொலைந்த நூலன்று, உங்களுக்காகவே விடப்பட்டது, படித்துவிட்டு நீங்களும் விட்டுச்செல்லுங்கள்' என்னும் பொருளில் ஒரு குறிப்பும் அதில் இருக்கும். கண்டெடுத்தவர் தளத்திற்குச் சென்று எண்ணை இட்டு, எங்கே கிடைத்தது, எப்படி இருந்தது என்று எழுதுவார். முதலில் விட்டவர் தம் ஊரிலிருந்தே அதன் பயணத்தைப் பார்க்கலாம். படி, பதிவு செய், விட்டுவிடு என்பவையே இதன் மூன்று கட்டளைகள்.

மூன்றே ஆண்டுகளில், 2004இல், 'புக் கிராசிங்' என்னும் சொல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிகளுள் ஒன்றில் இடம்பெற்றது. ஒரு பழக்கத்திற்கு அகராதியில் இடம் கிடைப்பது அது வேரூன்றிவிட்டதற்கு அடையாளம். ஏப்ரல் 21ஆம் நாளை இவ்வியக்கத்தினர் தங்கள் அனைத்துலக நாளாகக் கொண்டாடுகின்றனர்.

விடுதலில் இரண்டு வகை உண்டு. எங்கேனும் ஒரு பொது இடத்தில், எவர் எடுப்பார் என்று தெரியாமலேயே விடுவது ஒன்று. இதற்கென ஒதுக்கப்பட்ட அலமாரியில் வைப்பதும் குறிப்பிட்ட ஒருவர் கையில் சேர்ப்பதும் மற்றொன்று. முதல் வகையில் விடப்படும் நூல்களுள் பெரும்பாலானவற்றைப் பற்றிப் பின்னர் எச்செய்தியும் வருவதில்லை. இரண்டாவது வகையில் நூல் வாசகரை அடையும் வாய்ப்பு மிகுதி. இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது தேவைப்படும்.

சங்கிலியிலிருந்து மாட்டு வண்டிக்கு

நூல் தன் இருப்பிடத்தை விட்டு வெளியே செல்லலாம் என்பதே உலக வரலாற்றில் மெல்ல மெல்ல ஏற்கப்பட்ட கருத்துதான். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தனர். இங்கிலாந்தின் ஹெரிஃபர்டு தேவாலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகம் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. கையால் எழுதப்பட்ட நூலின் விலை அவ்வளவு அதிகம். ஆகவே காவலும் அவ்வளவு கடுமை. அச்சு வந்து நூல்கள் பெருகிய பின்னரும் நூலகரின் முதற்கடமை காப்பதே என்னும் மனப்பான்மை நெடுநாள் நீடித்தது.

அம்மனப்பான்மையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அவர். கணித ஆசிரியராகப் பணியாற்றிய அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் காத்து வைப்பதற்காக அல்ல, பயன்படுத்துவதற்காகவே என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது அதன் மறுபக்கம்: நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும்.

இம்மூன்றாவது விதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாசகர் நூலைத் தேடுவது இயல்பு. நூலின் சார்பில் நின்று, அதற்கு ஒரு வாசகரைத் தேடித் தருவதும் ஒரு பொறுப்பு என்று அரங்கநாதன் சொன்னார். எழுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் தொடங்கிய இயக்கத்தின் அடிப்படை இதுவே என்று நான் கருதுகிறேன்.

விதி எழுதப்பட்ட அதே 1931ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கும் வந்தது. தஞ்சை வட்டாரத்தின் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், அக்டோபர் 21ஆம் நாள், மாட்டு வண்டியில் அமைந்த நடமாடும் நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனை அமைத்தவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை. அரங்கநாதன் அம்முயற்சிக்குத் துணைநின்றார். நகரத்து நூலகத்திற்கு வர இயலாத உழவர்களின் ஊர்களுக்கு நூல்கள் வண்டியேறிச் சென்றன. நூல் வாசகரைத் தேடிச் செல்லும் காட்சியைத் தமிழ் மண் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது.

நூல்கள் கைமாறும் பழக்கமும் நம்மிடம் இருந்தது. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்தவர்கள் பலர். அத்தொகுதிகள் ஒரு வீட்டில் தங்கவில்லை. அடுத்த வீடு, அடுத்த தெரு, திருமணமாகிப் போன மகளின் ஊர் என்று போய்க்கொண்டே இருந்தன. பல தொகுதிகள் திரும்பி வரவேயில்லை. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தாங்கள் கொடுத்து இழந்த தொகுதிகளின் கணக்கைச் சொல்வார்கள். அடுத்தவரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவற்றின் கணக்கை மட்டும் சொல்லமாட்டார்கள்!

ஆற்றோடு போன ஏடுகள்

நூலை விட்டுவிடுதல் என்றதும் தமிழறிந்தவர்களின் நினைவுக்கு ஆடிப்பெருக்கு வராமல் போகாது. பழைய ஓலைச் சுவடிகளை ஆடிப் பதினெட்டாம் நாள் ஆற்றில் விடும் வழக்கம் ஒன்று இருந்தது. திருஞானசம்பந்தர் வையையில் இட்ட ஏடு நீரை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் கரையேறியது என்னும் பெரியபுராணச் செய்தியும் நாம் அறிந்ததே. ஏடும் ஆறும் நம் மரபில் நெருங்கியவை.

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர், பழைய சுவடிகள் ஆற்றில் விடப்பட்டுவிட்டன என்னும் விடையைக் கேட்டு வருந்தியதை எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டதையும் அவர் பதிவு செய்துள்ளார். அச்செய்திகளைப் படிக்கும்போது, நம் முன்னோர்கள் இவ்வளவு அறியாதவர்களா என்னும் சினம் எழும். ஆனால் அவர்கள் அறியாமையால் மட்டுமே அப்படிச் செய்யவில்லை.

ஓலைக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும், நுனி முறியும். இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குள் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுத்த பின் பழைய சுவடியைக் குப்பையில் எறியாமல், கலைமகளின் வடிவமான அதற்கு மரியாதை செய்து ஆற்றில் விடுவர். படியெடுத்தலும் விடுதலும் இணைந்த ஒரே செயலின் இரு பகுதிகள். புலவர்களைப் போற்றியவர்கள் குறைந்து, படியெடுக்கும் பழக்கம் நின்றுபோனது. ஆற்றில் விடும் சடங்கு மட்டும் நிற்கவில்லை. முதற்பகுதியை இழந்த இரண்டாம் பகுதி, போற்றுதலாக இருந்த நிலை மாறிப் பேரிழப்பாக முடிந்தது.

ஆக, விடுதல் என்னும் செயல் தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. விட்ட பிறகு அந்நூலைப் படிக்க ஒருவர் இருக்கிறாரா என்பதே அதனை முடிவு செய்கிறது. இதனை நம் நகரத்திற்குப் பொருத்திப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் நூல் பொதுவான கதை

சிங்கப்பூரில் தமிழ் அச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. 'சிங்கை நேசன்' வார இதழ் 1887ஆம் ஆண்டே வெளிவரத் தொடங்கியது. ஆயினும் தமிழ் நூல் பொது நூலகத்தில் இடம்பெறுவதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின. 1845இல் தொடங்கிய சிங்கப்பூர் நூலகம் சந்தா செலுத்துவோருக்கு உரியது. 1874இல் அதன் வழிவந்த ராஃபிள்ஸ் நூலகமும் பெரும்பாலும் ஆங்கில நூல்களையே கொண்டிருந்தது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்த தமிழர்களுக்கு அங்கு வேலையில்லை. அவர்கள் படித்தவை சங்கங்களின் வாசகசாலைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் கிடந்த இதழ்களே.

1953ஆம் ஆண்டு ஒரு திருப்பம் நேர்ந்தது. வணிகரும் கொடையாளருமான லீ கோங் சியான் புதிய நூலகம் கட்டுவதற்கு 375,000 வெள்ளி நன்கொடை அளிக்க முன்வந்தார். அவர் விதித்த நிபந்தனைகள் நம் கவனத்திற்கு உரியவை. நூலகம் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். உள்ளூர் மக்களின் மொழிகளில் உள்ள நூல்களும் அங்கே இருக்க வேண்டும். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் அந்நூலகம் 1960ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. சீனக் கொடையாளர் ஒருவரின் நிபந்தனையால் தமிழ் நூலுக்கும் அங்கே உரிமையுள்ள ஓர் இடம் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி இது.

பிறகு நூலகம் வட்டாரங்களுக்குச் சென்றது. முதல் முழுநேரக் கிளை 1970இல் குவீன்ஸ்டவுனில் திறந்தது. 1980களில் எங்கள் புக்கிட் மேராவிலும் நூலகம் எழுந்தது.

2010களில் சிங்கப்பூர் மேலும் ஒருபடி முன்னே சென்றது. தேசிய நூலக வாரியத்தின் முயற்சியால் தீவெங்கும் நூல் பரிமாற்ற இடங்கள் குறிக்கப்பட்டன. உலகின் முதல் 'புக் கிராசிங் நாடு' என்னும் பெயரும் சிங்கப்பூருக்குக் கிடைத்தது. மற்ற நாடுகளில் தனியார் ஆர்வலர்கள் விளையாட்டாகச் செய்ததை இங்கே ஒரு பொது நிறுவனம் திட்டமிட்டுச் செய்தது.

நம் நகரத்தில் இம்முயற்சி பெரும்பாலும் அலமாரி வடிவம் பெற்றதற்குக் காரணம் உண்டு. ரயிலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைக் கண்டால் ஊழியரிடம் தெரிவிக்குமாறு நாள்தோறும் அறிவிப்புக் கேட்கிறோம். பூங்கா இருக்கையில் கிடக்கும் நூலைத் துப்புரவுப் பணியாளர் தம் கடமையாகக் கருதி எடுத்துவிடுவார். பிற்பகல் மழை வேறு எப்போது வரும் என்று சொல்ல இயலாது. ஆகவே புளோக்கின் கீழ்த்தளத்திலும் சமூக மன்றத்திலும் கூரைக்கடியில் ஓர் அலமாரி என்பது நம் சூழலுக்கு ஏற்ற வடிவம்.

அமெரிக்காவிலும் இத்தகைய அலமாரிக்கு ஓர் அழகிய தொடக்கம் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வாழ்ந்த டாட் போல் என்பவர், 2009ஆம் ஆண்டு ஒரு சிறு மரப்பெட்டியைப் பள்ளிக்கூட வடிவில் செய்து, அதில் நூல்களை நிரப்பித் தம் வீட்டு வாசலில் நட்டுவைத்தார். ஆசிரியராகப் பணியாற்றி மறைந்த தம் தாயின் நினைவாக அதனைச் செய்தார். 'நூலை எடு, நூலை வை' என்னும் எளிய முறையில் இயங்கும் அப்பெட்டிகள் இன்று உலகின் பல நாடுகளில் நிற்கின்றன. ஓர் ஆசிரியைக்கு இதைவிட நல்ல நினைவுச்சின்னம் இருக்க முடியுமா?

நாற்பதில் ஒருவர்

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

புக்கிட் மேராவில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் வாழ்கின்றனர். முதியோர் மிகுந்த பழைய வட்டாரம் இது. இங்கே ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள பரிமாற்ற அலமாரியை நான் அடிக்கடி பார்ப்பதுண்டு. ஆங்கிலப் புதினங்களும் சீன நூல்களும் சமையல் நூல்களும் பழைய பயிற்சி நூல்களும் அதில் இருக்கும். ஒருமுறை ஒரு தமிழ்ப் புதினம் இருந்தது. பழுப்பேறிய தாள், சிராங்கூன் சாலைக் கடை ஒன்றின் முத்திரை, உட்பக்கத்தில் நீல மையில் ஒரு பெயரெழுத்து. கடைசிப் பக்கத்தின் அடியில், படித்து முடித்த நாளைப் பென்சிலால் குறித்திருந்தார் அதன் உரிமையாளர். நான்கு தேதிகள் இருந்தன. நான்கு முறை அதனைப் படித்திருக்கிறார்.

அந்நூலை நான் உடனே எடுக்கவில்லை. யார் எடுப்பார் என்று பார்க்க விரும்பினேன். மூன்று வாரங்கள் கடந்தன. அதைச் சுற்றியிருந்த ஆங்கில நூல்கள் இருமுறை மாறிவிட்டன. அது மட்டும் அங்கேயே இருந்தது.

எவரையும் குறை சொல்ல இதனை எழுதவில்லை. கணக்கைப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். 2.5 விழுக்காடு என்றால் நாற்பதில் ஒருவர். வேறு மொழியை மிகுதியாகப் பேசினாலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. தமிழ் பேசினாலும் புதினம் படிக்கும் பழக்கம் இல்லாதவர்களும் உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும், அவ்வலமாரியைக் கடந்து செல்வோருள் பெரும்பாலோருக்கு அந்நூல் படிக்க முடியாத எழுத்துகளின் தொகுப்பு. ஆங்கிலப் புதினத்தை எங்கே விட்டாலும் அதனைப் படிக்கக்கூடியவர் அருகிலேயே இருப்பார். தமிழ்ப் புதினத்தின் நிலை அதுவன்று.

தலைமுறைக் கணக்கும் ஒன்று இருக்கிறது. தமிழ்வழிக் கல்வி பெற்றவர்களே இங்கு நீண்ட தமிழ்ப் புதினங்களை இயல்பாகப் படித்தவர்கள். தமிழ்வழிப் பயிற்றுவித்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி. அதன்பின் வந்தோர் தமிழை ஒரு பாடமாகக் கற்றனர். அவர்களுள் நானூறு பக்கப் புதினத்தை மகிழ்ச்சிக்காக எடுத்துப் படிப்போர் குறைவு. ஆகவே அந்த முதல் தலைமுறை மறையும்போது, அவர்கள் சேர்த்துவைத்த நூல்கள் வாசகரின்றி நிற்கின்றன. பிள்ளைகள் அன்பில்லாதவர்கள் அல்லர். வீவக வீட்டில் இடம் குறைவு. அந்நூல்களைப் படிக்க அவர்களால் இயலவில்லை. யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. காரங்குனிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் நாளில் நாளிதழ்களோடு அந்நூல்களும் எடைக்குப் போய்விடுகின்றன.

படியெடுக்கும் பழக்கம் நின்ற பிறகு ஆற்றில் விடுவது எதுவோ, படிக்கும் பழக்கம் நின்ற பிறகு எடைக்குப் போடுவதும் அதுவே. நமக்கு முன்னே நடப்பது ஒரு ஆடிப்பெருக்கு. ஆறுதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

குறை கூறுவோர்

நூலுலாவைக் குறை கூறுவோரும் உண்டு. நூலை இலவசமாக விட்டால் எவர் விலை கொடுத்து வாங்குவர், எழுத்தாளரின் வருவாய் என்னாவது என்று கேட்கின்றனர். இக்கேள்வி நியாயமானது, தமிழ் எழுத்தாளர்களைப் பொறுத்தவரை இன்னும் நியாயமானது. ஆயினும் வாசகர்கள் நிறைந்த மொழியில் அஞ்ச வேண்டியது வேறு, வாசகர்கள் குறைந்துவரும் மொழியில் அஞ்ச வேண்டியது வேறு. இலவசமாகக் கிடைத்த ஒரு நூலால் வாசிப்புப் பழக்கம் பெற்ற ஒருவர் பின்னர் பத்து நூல்களை வாங்கக்கூடும். படிக்கவே தொடங்காதவர் ஒன்றையும் வாங்கப்போவதில்லை.

நூல் நல்ல வாசகரை அடையப் பல்லாண்டுகள் ஆகலாம் என்பதற்கு நம் வட்டாரத்தோடு தொடர்புள்ள ஒரு புதினமே சான்று. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' தென்கிழக்காசியப் போர்க்காலத்தைக் களமாகக் கொண்டது. 1972இல் நூலாக வந்தது. வந்த காலத்தில் அது போதிய கவனம் பெறவில்லை. ஆசிரியர் 1997இல் மறைந்தார். பின்னர் வந்த மறுபதிப்புகள் வழியாகவே இன்று தமிழின் சிறந்த புதினங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் சில வாசகர்கள் அதனை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார்கள். பிறரிடம் எடுத்துச் சொன்னார்கள். அவர்களே அந்நூலுக்கும் நமக்கும் இடையே நின்ற பாலம்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யக்கூடிய சிலவற்றை என் வகுப்பறை அனுபவத்திலிருந்து கூறுகிறேன்.

முதலில், எதனை விடக்கூடாது என்று அறிய வேண்டும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அச்சான பழைய தமிழ் நூல்கள், சங்கங்களின் ஆண்டு மலர்கள், கையெழுத்துப் படிகள் ஆகியவை வீட்டில் இருந்தால் அவற்றை அலமாரியில் விட வேண்டா. தேசிய நூலகத்திடம் காட்டுங்கள். நாடு விடுதலை பெற்ற பொன்விழா ஆண்டான 2015இல், ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கும் திட்டத்தின் வழி ஏறத்தாழ 350 நூல்கள் மின்னூல்களாயின. சமூகத்தினர் முன்வந்து செய்த பணி அது. அக்காலத்துப் படியெடுத்தலுக்கு இக்காலத்து வடிவம் அதுவே. படி எடுக்கப்பட்ட பின் விடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, இடம். நாற்பதில் ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, அந்த ஒருவர் வரும் இடத்தில் நூலை வைப்பது மேல். கோயில் மண்டபம், பள்ளிவாசல் வளாகம், தமிழர் நடத்தும் உணவகம், முடிதிருத்தும் கடை, துணைப்பாட நிலையம், முதியோர் நடவடிக்கை நிலையம் ஆகியவை ஏற்ற இடங்கள். பொறுப்பாளரிடம் முன்கூட்டியே இசைவு பெறுங்கள். விடுமுறை நாளில் ஊரிலிருந்து வந்து பணிபுரியும் தமிழ்த் தொழிலாளர்கள் கூடும் லிட்டில் இந்தியாவை மறந்துவிடாதீர்கள். நம் நகரத்தில் தமிழை இயல்பாகப் படிக்கக்கூடியவர்கள் அவர்களிடையே நிறைய உண்டு. நம் வீட்டில் வாசகரற்று நிற்கும் புதினத்திற்கு உரிய வாசகர் ஒரு தங்கும் விடுதியின் மேல்தட்டுக் கட்டிலில் இருக்கக்கூடும்.

மூன்றாவது, சீட்டு. இணைய எண் இல்லாவிட்டாலும் குறையில்லை. உட்பக்கத்தில் நான்கு வரிகள் எழுதி ஒட்டினால் போதும். இந்நூல் எதைப் பற்றியது, எனக்கு எந்தப் பகுதி பிடித்தது, படித்தபின் என்ன செய்ய வேண்டும், எந்த மாதம் விடப்பட்டது. பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டா. என் நான்காம் வகுப்பு மாணவர்கள் எழுதிய சீட்டுகளைப் பார்த்தபோது ஒன்றைக் கண்டேன். தேர்வுக்காகக் கதைச்சுருக்கம் எழுதச் சொன்னால் இரண்டு வரிகளில் நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள், முன்பின் அறியாத ஒருவருக்காக எழுதும்போது சீட்டின் பின்பக்கத்தையும் நிரப்பினார்கள். உண்மையான வாசகர் ஒருவர் இருக்கிறார் என்னும் நம்பிக்கை எழுத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

நான்காவது, காலம். ஏப்ரல் மாதம் நமக்குத் தமிழ் மொழி விழா மாதம். 2007 முதல் ஆண்டுதோறும் கொண்டாடி வருகிறோம். அதே மாதத்தின் 21ஆம் நாள் நூலுலா நாள். 23ஆம் நாள் உலகப் புத்தக நாள். பட்டிமன்றமும் பேச்சுப் போட்டியும் நடக்கட்டும். அவற்றோடு ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு தமிழ் நூலைச் சீட்டு ஒட்டி ஓர் ஏற்ற இடத்தில் வைக்குமானால், அதற்குச் செலவு ஒன்றுமில்லை. அரங்கும் ஒலிபெருக்கியும் தேவையில்லை.

பெற்றோர்களுக்கு மட்டும் மேலும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் நூல்கள் இருக்குமானால், அவர்கள் இருக்கும்போதே அமர்ந்து கேளுங்கள். எந்த நூலை எப்போது வாங்கினார்கள், எதனைப் பலமுறை படித்தார்கள், எதனை யாரிடம் கொடுக்க விரும்புகிறார்கள் என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் செய்யுங்கள். பதிலை அந்நூலின் உட்பக்கத்திலேயே பிள்ளை எழுதட்டும். பிறகு அது வீட்டில் இருந்தாலும் நன்று. உலாப் போனாலும் நன்று.

நான்கு தேதிகள் குறிக்கப்பட்ட அப்புதினத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்று வாரத்திற்குப் பின் எடுத்துவந்து படித்தேன். ஐந்தாவது தேதியை அடியில் குறித்தேன். சீட்டு ஒன்றை ஒட்டி, தமிழர்கள் வந்து அமரும் ஓர் உணவகத்தில் உரிமையாளரின் இசைவோடு வைத்துவந்தேன். அடுத்த வாரம் சென்றபோது அது அங்கே இல்லை. யார் எடுத்தார் என்று உரிமையாளருக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் இன்னும் மூன்று தேதிகளுக்காவது இடமிருக்கிறது.

அன்புடன்,
புக்கிட் மேராவிலிருந்து ஒரு தமிழாசிரியை